ஏணிக்கு ஜோடி

தார்த்து நகரில் நவம்பர்; நாலு மணிக்கே இருட்டு.
ஹெல்துர் வந்து தொப்பியின் பனியை உதறுகிறார்.
அறுபத்தொரு வயது. முப்பது வருடம்
வீடு வீடாக மின்மீட்டர் பார்த்தவர்.
படிக்கட்டடியில் குனிந்து எண்ணைப் பார்ப்பாராம்.
வாசல் வெளிச்சத்துக்குப் பன்னிரண்டு அடி.
அதுவரை உதட்டிலேயே ஓடும்
நாலு பூஜ்யம் ஏழு ஒன்று ஒன்பது,
சுட்ட கிழங்கைக் கை மாற்றி மாற்றிப் பிடிப்பதுபோல.
நோட்டில் எழுதியதும் போய்விடும்.
"ஒன்றுகூட மிச்சமில்லை" என்று சிரிக்கிறார்,
தலையில் நான் பசை தடவும்போது.
இருபத்தொரு கம்பி. பசை குளிர்கிறது.

திரையில் நாற்பது ஜோடிச் சொற்கள்,
ஒன்றுக்கு ஐந்து நொடி.
ஆந்தை – பொத்தான்.
மழைக்கோட்டு – மெழுகு.
ஏணி – உப்பு.
உறவில்லாதவையாகப் பார்த்துத்தான் சேர்த்தோம்.
மனிதர் சும்மா இருப்பாரா?
ஆந்தைக்குச் சட்டை தைத்துப் பொத்தான் வைத்துவிட்டாராம்.
மெழுகுக்கு ஒரு சாவு வீடு, வெளியே மழை.
ஏணி வந்தபோது மட்டும்
ஐந்து நொடியும் வேறெங்கோ பார்த்தார்.
அதைக் குறித்துக்கொள்ள யாரும் சொல்லவில்லை.
நான் குறிக்கவில்லை.
உடனே கேட்டதில் இருபத்தாறு சொன்னார். ஏணிக்கு மௌனம்.

பிறகு விளக்கை அணைத்தேன்.

இரண்டு மணிக்கு மேல்
அலைகள் பருத்து மெதுவாகின்றன.
அவற்றின் முதுகில் சின்னச் சின்னதாய்க் கதிர்,
நூல் நூற்கும் கதிரேதான்:
நுனி மெலிந்து வயிறு பருத்து மறுபடி மெலிந்து
ஒரு நொடி, அவ்வளவுதான்.
பகலில் சேர்ந்த பஞ்சை இங்கேதான் முறுக்குகிறது மூளை
என்பார் எங்கள் பேராசிரியை.
எந்தப் பஞ்சை எடுப்பது, எதைப் பறக்கவிடுவது,
அதை யார் சொல்வது என்றால்
கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.
நான் எண்ணினேன். எண்ணூற்றுப் பன்னிரண்டு.
எது பொத்தானுக்கு, எது அடுத்த மாத வாடகைக்கு,
கதிரைப் பார்த்துச் சொல்ல முடியாது.
ஒருமுறை அவர் வாய் எதையோ மென்றது.
என் தேநீர் ஆறிப்போயிருந்தது.

காலையில் இருபத்தொன்பது.
தூங்கியே மூன்று சம்பாதித்த மனிதர்.

ஏணி?

நுனிநாக்கில் நிற்கிறது என்று கண்ணை மூடினார்.
நின்றது. இறங்கவே இல்லை.
கடைசியில், "வாளி."
"விர்வே கீழே நின்று வாளியை நீட்டுவாள்.
ஏணி ஆடும். ஆப்பிள் பாதி அவள் தலையில்தான் விழும்."
விர்வே போய் நாலு வருடம்; முதல் நாள் படிவத்திலேயே இருந்தது.

பரிசோதனையில் நான் பேசக்கூடாது.
பேசினேன். "நீல வாளியா?"
ஏன் நீலம்? எங்கள் துடைப்ப அறையில்
அப்படி ஒன்று கிடக்கிறது, அதனாலோ என்னவோ.
அவர் யோசித்தார்.
யோசிப்பது தெரிந்தது, கையில் எடைபோடுவது போல.
"ஆமாம். நீலம்."

ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தார்.
ஆந்தையின் சட்டையில் பொத்தான் இல்லை.
சாவு வீட்டில் மெழுகு அணைந்திருந்தது.
ஏணி என்றதும் கண் இமைக்காமல் "வாளி."
பட்டியலில் அதுதான் இருந்ததாம், சத்தியம் செய்வாராம்.
நீல வாளி, பிடியில் கயிறு சுற்றியது.

கூட்டிப்போக வந்த மகள் தீயு
அவர் கோட்டை மாட்டிவிட்டபடி சொன்னாள்:
"அப்பா, நம் வீட்டில் ஏது வாளி?
அம்மா கூடைதானே வைத்திருந்தாள்."
அவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
"கயிறு சுற்றியது" என்றார், மெதுவாக,
கதவுக்கு வெளியே போய் இன்னொருமுறை.

படிவத்தில் மூன்று கட்டங்கள்:
சரி, தவறு, பதிலில்லை.
தவறில் குறியிட்டேன்.
அடுத்தவருக்காக ஜோடிகளைச் சரிபார்க்கும்போது
ஏணியின் பக்கத்தில் உப்பைப் பார்த்து
யாரோ மாற்றிவிட்டார்கள் என்றே ஒரு கணம் நினைத்தேன்.

வேலை முடிந்து துடைப்ப அறையைத் திறந்தேன்.
அங்கே இருப்பது பச்சை.