அரைப்பேர்

கொழுந்து மடுவத்தில், என் நிறுவைப் புத்தகத்தின்
பின்பக்கத்தில் ஒரு பட்டியல்.
தென்னாப்பிரிக்காக்காரர், ஐம்பத்து மூன்று வெற்றி.
அடுத்து ஓர் ஆஸ்திரேலியர், நாற்பத்தெட்டு.
அவருக்கு முன்னவர், நாற்பத்தொன்று.
மேற்கிந்தியத் தீவுகளின் கண்ணாடிக்காரர், முப்பத்தாறு;
அவர் சமநிலையில் முடித்த இருபத்தாறையும்
ஓரத்தில் குறித்திருக்கிறேன்.
கடைசி வரி மட்டும் பென்சிலில்:
ஒப்பிலாமணி, மேற்கணக்கு.
ஆடியது பத்தொன்பது. வென்றது நாலு.

சனி, ஞாயிறு. இரண்டு நாள், இரண்டு இன்னிங்ஸ்.
வெள்ளை உடுப்பு இல்லை, சிவப்புப் பந்து உண்டு.
அதனால் அது டெஸ்ட்.
சாமிமலை ரோட்டில் இதை மறுத்துப் பேச
யாருக்கும் நேரமில்லை.

அந்தப் பெரிய தலைவர்கள் மீது எனக்கொரு சின்னக் குறை.
பதினொரு பேரை யாரோ தெரிந்து
தாளில் எழுதிக் கையில் கொடுத்தார்கள் அவர்களுக்கு.
ஒப்பிலாமணி வெள்ளி இரவு டோர்ச்சோடு
லயம் லயமாக ஏறுவான்.
வேகப்பந்துக்காரன் கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடையில்;
முதலாளி மனம் வைத்தால் கடைசி பஸ்.
விக்கெட் காப்பவன் ஃபெக்டரியில் இரவு வேலை முடித்து
சிவந்த கண்ணோடு நேரே வருவான்.
ஒன்பதாவது ஆளை அனுப்ப அவன் பெண்சாதி
ஒரு கட்டு விறகு கேட்டாள்;
கொத்திக் கொடுத்துவிட்டுத்தான் கூட்டிவந்தான்.
சில வாரம் பத்துப் பேர்.
இதற்கு எந்தப் பட்டியலிலும் கட்டம் இல்லை.

டாஸைப் பற்றிக் கேட்காதீர்கள்.
சிங்கம் என்றால் இலக்கம் விழும்,
இலக்கம் என்றால் சிங்கம்.
பதினெட்டு முறை.
கீழ்க்கணக்குத் தலைவன் யூட்
சிரிக்காமல் நிற்கப் பழகிவிட்டான்.
பத்தொன்பதாவது முறை, மாசிப் பனியில்,
ஒப்பிலாமணி குனிந்து பார்த்தான்,
நிமிர்ந்தான், மறுபடி குனிந்து பார்த்தான்.

ஞாயிறு பின்னேரம்.
வெல்ல இன்னும் பதினேழு ஓட்டம், கையில் மூன்று விக்கெட்,
அவன் அறுபத்திரண்டில்.
எங்கள் எல்லைக்கோடு தேயிலையின் முதல் நிரைதான்.
அதற்குள் மூன்று பெண்கள், கைக்காசுக் கொழுந்து.
எதிர்ப்பக்கம், கீழே, மவுசாக்கலைத் தண்ணீர்.
அவன் தூக்கி அடித்தான்.
டர்பண்டைன் மரத்தின் உச்சிக் கிளையில்
பொத்தென்று ஒரு சத்தம்.
பிறகு மரமே இரைந்தது.

எங்கள் ஆள், அவர்கள் ஆள் என்றில்லை,
எல்லோரும் குப்புறப் படுத்தார்கள்.
நான் மேசைக்கு அடியில், புத்தகம் தலைமேல்.
அவன் ஓடினான்.
ஒன்று என்று எழுதப் போன பென்சில் நின்றது:
எதிர் விக்கெட்டுக்கு அல்ல,
பந்து தெரியக் கட்டிய வெள்ளைப் படங்கைப் பிய்த்துக்கொண்டு
மேலே, நிரைக்குள்.
"படுங்க! படுங்க!"
மூன்று பெண்களையும் படங்கால் மூடி
நாலு மூலையில் ஒன்றுக்குக்கூட
தான் போகவில்லை.
யூட் பின்னால் ஓடிப் போய்
இன்னொரு ஓரத்தை இழுத்துப் பிடித்தான்.

நடுவர் எங்கள் தோட்டத்து மருந்துக்காரர்.
ஊசி போட்டபடியே, ஆட்டம் சமநிலை என்றார்.
கூட்டுக்குள் போன பந்தை யாரும் தேடவில்லை.
பதினெட்டுக் கிலோவில் ஒன்று குறைந்தால்
அரைப்பேர் போடுகிற கை இது;
போட்டுப் போட்டுத் தழும்பிய கை.
அன்று அந்தக் கட்டத்தில் எதையும் எழுத
அதற்கு வரவில்லை.

மஸ்கெலியா ஆஸ்பத்திரியில் எண்ணினார்கள்.
பெண்களுக்கு மொத்தம் ஏழு கொட்டு, யூட்டுக்குப் பன்னிரண்டு.
ஒப்பிலாமணிக்கு நாற்பத்தொன்பது.
என் பட்டியலில் அது இரண்டாமிடம்.

ஒரு கண் மூடி, உதடு தடித்து,
என்னைக் கண்டதும் ஏதோ கேட்டான்.
விளங்கவில்லை. காதைக் கிட்டக் கொண்டுபோனேன்.
"டாஸ் வென்றத
எழுதிட்டியா?"