முழுப்பேர்

தலவாக்கலைக்கு மேலே, எங்கள் லயத்தில்
சிக்னல் பிடிக்கிற ஒரே மூலை குசினிச் சன்னல்.
அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்
அமெரிக்கச் சண்டைகளின் கலண்டர்.

நாளுக்கு ஒரு பெட்டி. பெட்டிக்கு நாற்பது சொல்.
வருடம், இடம், செத்தவர் எண்ணிக்கை.
எண்ணிக்கை இல்லாத பெட்டி திரும்பி வரும்.
ஒஹையோவிலிருந்து மார்லீன் சரிபார்ப்பார்.
யோகராணி நீளமென்று யோகா ஆக்கிவிட்டார்;
கடிதம் வரும்போதெல்லாம்
யாரோ என்னைக் குனிந்து
கால்விரலைத் தொடச் சொல்வதுபோல் இருக்கும்.

விடிய ஐந்தரைக்கு
ரொட்டி தட்டிக்கொண்டே அம்மா கேட்பாள்:
"இன்னிக்கி எங்க சண்ட?"

டிசம்பர் ஏழு.
"கடல்ல. ரெண்டாயிரத்து நானூத்திச் சொச்சம்."
அங்கே அப்போது காலை எட்டாகவில்லை.
கணக்குப் போட்டுப் பார்த்தேன்,
இங்கே நள்ளிரவுக்குச் சில நிமிடம்.
ஸ்டோரில் அன்றைய கொழுந்து
தட்டுகளில் வாடிக்கொண்டிருந்திருக்கும்.

ஒருமுறை மே மாதத்து நாளையும்
நவம்பர் நாளையும் குழப்பிவிட்டேன்.
மே செத்தவர்களுக்கு, நவம்பர் திரும்பி வந்தவர்களுக்கு,
மாற்றினால் கோபிப்பார்கள் யோகா, என்று வந்தது கடிதம்.
"யாரு, செத்தவங்களா?" என்றாள் அம்மா.
செத்தவர் நாளுக்கு நிலையான தேதி கிடையாது,
கடைசித் திங்களுக்கு நகர்ந்துகொள்ளும்,
லீவு சேர்ந்து வர வசதி, என்றேன்.
"நல்ல ஏற்பாடுதான்" என்று ரொட்டியைத் திருப்பினாள்.
எங்கள் அப்பா செத்தது சம்பள நாளில்.

பெரட்டு என்பது அவர்களுடைய பரேட்தான் என்று
இந்த வேலைக்கு வந்துதான் கண்டுகொண்டேன்.
அம்மா சிரிக்கவில்லை.
இடுப்பில் படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு
"அப்ப எனக்குப் பென்சன் எவ்வளவு?" என்றாள்.

நவம்பர் பதின்மூன்று:
வாஷிங்டனில் கறுப்புக் கல்லில் ஒரு மதில்.
வியட்நாமில் விழுந்தவர் பேர் முழுக்க வெட்டி வைத்திருக்கிறார்கள்.
"ஐம்பத்தெட்டாயிரம் பேர்."
"முழுப்பேரா, அரப்பேரா?"
கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுகிற மலையில்
இது நியாயமான கேள்வி.
முழுப்பேர்தான் அம்மா, என்றேன். எல்லாருக்கும்.

கொரியா வந்தது. உறைபனி,
மலை, ஒரு நீர்த்தேக்கம், சுற்றிலும் எதிரி.
வானொலியில் குண்டு கேட்டார்களாம்.
குண்டுக்கு வைத்த ரகசியப் பேர் ஒரு டொபி.
வானத்திலிருந்து பாராசூட்டில்
பெட்டி பெட்டியாக டொபியே இறங்கியதாம்.
இரவு இரண்டு மணிக்குத் தனியாகச் சிரித்ததில்
அம்மா எழும்பிவிட்டாள்.
"தின்னாங்களா?"
"கக்கத்துல வச்சி எளக்கித் தின்னாங்களாம்."
"ம்." போர்வையை இழுத்துக்கொண்டாள்.
கொஞ்சம் கழித்து இருட்டிலிருந்து:
"நம்ம சீனிக்கட்டி மாதிரியா?"

பெப்ரவரி நடுவில் ஒரு நாள்.
எழுதத் தொடங்கியிருந்தேன், மார்லீனின் செய்தி வந்தது.
இதை விட்டுவிடு, யோகா.
இந்தப் பெட்டியை நான் எழுதுகிறேன்.
வேறு ஒன்றுமில்லை. வழக்கமாகப் போடும்
சிரிப்பு முகமும் இல்லை.

"இன்னிக்கி எங்க?"
"இன்னிக்கி அந்தம்மாவே எழுதுறாங்க."
அம்மா தட்டியதை நிறுத்தினாள்.
"தம்பியா, மகனா?"
"கேக்கல."
"கேக்காத."

கூடைக்கயிற்றை நெற்றியில் ஏற்றிக்கொண்டு
பனிக்குள் இறங்கிப் போனாள்.
கீழே கங்காணி பேர் கூப்பிடுவது கேட்டது.
ஒவ்வொருத்தியாக ஆமா, ஆமா என்றார்கள்.

மறுநாள் பெட்டி வந்திருந்தது.
வருடம் இருந்தது. ஒரு ஊர்.
வயல் ஓரத்தில் மழை என்று ஒரு வரி.
எண்ணிக்கை போட மறந்திருந்தார்.

நான் திருத்தவில்லை.