ஆறாம் எழுத்து

அந்த நீண்ட சங்கீதத்தில்
எட்டு வசனத்துக்கொரு தரம்
தனியே நிற்கும் பெயர்களை
ஜெபக்கூட்டத்தில் நாங்கள் வாசிப்பதில்லை.
ஆலெப். பேத். கிமெல்.
தலைப்பென்று நினைத்துத் தாண்டிவிடுவோம்.

போதகர் தவசீலன்தான் சொன்னார்,
பேத் என்றால் வீடு, டாலெத் கதவு.
சிரித்துவிட்டேன்.

வசாவிளானில் முள்ளுக்கம்பியை விலக்கி
எங்களைக் காணிக்குள் விட்ட அன்று
பேத்துக்குக் கூரையில்லை.
டாலெத்தை நிலையோடு பெயர்த்துப் போயிருந்தார்கள்.
கதவின் பகுதி
புழுதியோடு ஒட்டிய உயிரில்தான் தொடங்குகிறது;
அதை அங்கே,
செருப்பைக் கழற்றாமல் நின்று விளங்கிக்கொண்டேன்.

உள்ளறைச் சுவரில் ஓர் ஆணி.
தொண்ணூறாம் ஆண்டுக் கலண்டரை
ஆனி மாதத்தில் விட்டுவிட்டு ஓடினோமே,
அந்த ஆணி.
துருவேறி, சற்றுக் கீழ்நோக்கி வளைந்து.

வௌ.
கொளுக்கி என்று பொருளாம்.
அவர்கள் மொழியில் அதுவே ‘உம்’.
நாங்கள் சொல்லின் வாலில் ஒட்டுவதை
அவர்கள் தலையில் மாட்டுகிறார்கள்.
வானமும் பூமியும்.
ஓடிய நாங்களும்
ஓடமாட்டேன் என்று கதிரையில் இருந்த ஐயாவும்.

கர்த்தாவே, உமது கையிலும் இதுதானே இறங்கியது.
எதை எதோடு கோத்ததென்று
நான் இன்னும் முழுதாய்க் கேட்கவில்லை.

மேசனிடம் சொல்லியிருக்கிறேன்,
அந்த இடத்தைச் சுற்றிப் பூசு, தம்பி.
‘எதை மாட்டப் போறியள் அக்கா?’

தெரியாது.
இப்போதைக்கு
சாப்பாட்டுப் பையை மாட்டியிருக்கிறேன்.