உண்மை நகல்

பேவியூ காவல் நிலையத்துக்குத்
திங்கட்கிழமை காலையில் வருகிறவர்கள் பாதிப்பேர்
புகார் கொடுக்க வருவதில்லை.
பென்ஷன் மனு, பள்ளிச் சேர்க்கை, இறப்புச் சான்று
இவற்றோடு வந்து நிற்கிறோம்.
'மூலத்தைப் பார்த்தேன், இது உண்மை நகல்' என்று
இந்த நாட்டில் போலீஸ் முத்திரை குத்தித் தரும்,
காசு வாங்காமல்.

என் கையில் பச்சை அடையாளப் புத்தகம்,
நகல் மூன்று. முன்னால் பதினோரு பேர்.
மின்சாரம் போயிருந்தது.
மின்விசிறி நின்றதும்
பேச்சு சுற்ற ஆரம்பித்தது.

"கூப்பிட்டா வண்டி இல்லைம்பான்."
"வண்டி இருந்தா டீசல் இருக்காது."
"ஒரு கூல்டிரிங்குக்குக் காசு கொடு, கேஸே காணாமப் போயிடும்."
"மாசம் அறுநூறு ராண்ட் கட்டுறேன் தனியார் காவலுக்கு.
அவன் ஏழு நிமிஷத்துல வர்றான்."
"அந்தக் காலத்துப் போலீஸ்னா பயம் இருந்துச்சு" என்றார்
கிராஃப்டீனில் டயர் கடை வைத்திருக்கும் சிவராமன்.

பயம் இருந்தது. ஆமாம்.
எண்பத்தைந்தில் குபேனை
இந்தக் கதவு வழியாகத்தான் கொண்டுபோனார்கள்.
பையில் துண்டுப் பிரசுரம் நான்கு, சீப்பு ஒன்று.
அப்பா மூன்று நாள் வந்து கேட்டார்.
நான் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
"அப்படி ஒரு பேர் புத்தகத்துல இல்லை" என்றான்
சீருடைக்குள் இருந்த நம்மாள் ஒருவன்.
தமிழில். தணிந்த குரலில்.
அப்பாவின் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி.
நான்காம் நாள் அண்ணன் வந்தான்.
இடது காது இருந்தது,
கேட்பது மட்டும் திரும்பி வரவில்லை.

சிவராமனிடம் இதைச் சொல்லவில்லை.
வரிசை ஓர் ஆள் நகர்ந்தது.

அப்போது வாசலில் ஒரு பேக்கி வந்து நின்றது.
எங்கள் தெருக் காவல் குழு, மஞ்சள் ஜாக்கெட்டில் நான்கு பேர்.
நடுவில் ஒரு பையன், கைகள் கேபிள் டையில்,
நெற்றியில் காய்ந்த ரத்தம்,
ஒரு காலில் மட்டும் செருப்பு.
என் வீட்டுத் தண்ணீர் மீட்டரைக் கழற்றியவன்.
பித்தளைக்காக. பித்தளை, ஷுகர்ஸுக்காக.

"உள்ள கொண்டுபோய் நாலு போடுங்க, சார்ஜன்ட்."
"கதவைச் சாத்திக்குங்க, நாங்க எதையும் பார்க்கலை" என்றாள்
திருமணச் சான்றிதழோடு நின்ற ஒருத்தி.
இத்தனை நேரம் போலீஸை நம்பாத வரிசை
சட்டென்று நம்பியது, அதன் கையை.

சார்ஜன்ட் ஸோண்டி எழுந்தாள்.
கோப்பு நூல் வெட்டும் துருப்பிடித்த கத்தரியால்
முதலில் கேபிள் டையை வெட்டினாள்.
தண்ணீர் கொடுத்தாள்.
பிறகு கனத்த புத்தகத்தை இழுத்து, "பேர்?"
"கெர்ஷன்."
"முழுப் பேர்."
"கெர்ஷன் வேலாயுதம்."
எழுதினாள். மணி எழுதினாள், ஒன்பது பதினேழு.
நெற்றிக் காயத்தின் நீளத்தையும் எழுதினாள்.
தலை நிமிராமல் கேட்டாள்:
"இதைச் செய்தவர் பேரும் வேண்டும்."

மஞ்சள் ஜாக்கெட்டுகள் வண்டிச் சாவியைத் தேடின.
"பார்த்தீங்களா, இங்க திருடனுக்குத்தான் மரியாதை!"
சிவராமனின் வழுக்கை வியர்த்தது.

நேற்றிரவு இரண்டே காலுக்கு
குழுவில் படம் வந்தது, 'பிடிச்சாச்சு' என்று.
படத்தில் நெற்றி சுத்தமாக இருந்தது.
'விடாதீங்க, சாக்ரன்' என்று
போர்வைக்குள்ளிருந்து தட்டியவள் நான்.
பதினான்கு பேர் கட்டைவிரல் காட்டினார்கள்.

என் முறை.
ஸோண்டி படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
மறுபடி படத்தைப் பார்த்தாள்.
மை வற்றிய முத்திரை,
மூன்றாவது நகலில் பாதிதான் விழுந்தது.
அழுத்தி இன்னொரு தடவை குத்தினாள்.
"வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?"

"இல்லை" என்றேன்,
அவள் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி,
தணிந்த குரலில்.