விறல்கள் கவணம்

டிசம்பர் லீவுக்கு ஊருக்கா என்று
வார்டில் கேட்டவர்களிடம் ஆமாம் என்றேன்.
எந்த ஊர் என்று யாரும் கேட்கவில்லை.
கிராஞ்சி என்று நானும் சொல்லவில்லை.

மூன்றே நாள் விடுப்பு.
குணாளனின் பாஸ்போர்ட் அக்டோபரிலேயே செத்துவிட்டது;
ஜொகூரைக் கரையில் நின்று எட்டிப் பார்க்கலாம், அவ்வளவுதான்.
நகரத்து ஓட்டல்கள் ஓர் இரவுக்குக் கேட்ட காசில்
வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் வாங்கிவிடலாம்.
செந்தோசாவில் இடமே இல்லை.
பண்ணை விடுதியில் ஒரு குரல்
பிப்ரவரியில் கூப்பிடுங்கள் என்றது, இனிமையாக.

பதினோராவது அழைப்பை எடுத்தவர் மிஸ்ஸஸ் சியா.
பழைய மரமில், மேனேஜர் இருந்த வீடு, மாடியில் ஓர் அறை.
ஏசி உண்டா?
ஜன்னல் உண்டு.
காலைச் சாப்பாடு?
காப்பி.
சமைக்கலாமா?
மீன் மட்டும் வேண்டாம், பூனைகள் கூடிவிடும்.
எங்கிருந்து வருகிறீர்கள் என்றார்.
ஈசூன் என்றேன்.
அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பெட்டியை உருட்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறியபோது
ஏர்போர்ட் அந்தப் பக்கம் என்றார் ஓட்டுநர்.
தெரியும் என்றான் குணாளன், சன் கிளாஸைக் கழற்றாமல்.

இறங்கினால் செம்மண்ணும் லாரித் தடமும்.
கட்டைகள் அடுக்கியிருந்த முற்றத்தில் இப்போது
நீலநிற நகரும் கழிவறைகள்,
கல்யாணத்துக்கும் கட்டட வேலைக்கும் வாடகைக்குப் போகிறவை,
வரிசையாக, கதவுகள் திறந்தபடி.
விடுமுறையில் முதல் படம் அவற்றின் முன்னால்தான் எடுத்தோம்.

மாடிப்படிச் சுவரில் தகரப் பலகை ஒன்று.
நான்கு மொழிகள்; நான்காவது நம்முடையது:
*விறல்கள் கவணம்.*
பள்ளிக்கூடத்தில் தமிழுக்குப் பரிசு வாங்கியவன்
படியிலேயே உட்கார்ந்து சிரித்தான்.
விறல் என்றால் வெற்றிடீ,
வெற்றிகள் பத்திரம் என்று எழுதி வைத்திருக்கிறான்.
கவணில் வேறு கல் வைத்து அடிக்கிறான்.

எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது.
பன்னிரண்டு வருடமாய்க் கைச் சிகிச்சைப் பிரிவு.
பனிக்கட்டிப் பையில் வருவதை வாங்கிக்கொண்டு
எந்த விரல், எத்தனை மணிக்கு என்று
முதலில் கேட்பவள் நான்.
லீவிலும் படியேறுவதற்குள்
ஆளைக் கண்டுபிடித்துவிடுகிறது வேலை.

அறை நன்றாகவே இருந்தது.
சுவரைத் தொட்டால் விரல் நுனியில் மெல்லிய மரத்தூள்,
எத்தனை முறை துடைத்தார்களோ, இன்னும்.
கட்டிலில் ஒரு கால் குட்டை,
அடியில் மடித்த அட்டை.
ராத்திரி தவளைகள், தெங்கா பக்கமிருந்து ஒரு விமானம்,
பிறகு தவளைகளே.
குணாளன் தூங்கினான், வெளிநாட்டுக்கு வந்தவன் போல.
நான் கூரைப் பலகைகளை எண்ணினேன்.
நாற்பத்தேழில் விட்டுப்போய், மறுபடி ஒன்று.

காலையில் காப்பி வந்தது.
குவளையை நீட்டிய வலது கையில்
சுண்டுவிரலும் மோதிர விரலும் முதல் கணுவோடு சரி.
முகத்தைப் பார்க்க வேண்டும் முதலில், அதுதான் மரியாதை.
நான் கையைத்தான் பார்த்தேன்.
தழும்பு கோணலில்லை. தோலை இழுத்துக் கட்டவில்லை.
யாரோ அவசரப்படாமல் உட்கார்ந்து செய்த வேலை.

நல்ல தையல் என்றேன், வாய் தவறி.

மிஸ்ஸஸ் சியா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்,
கடையில் புடவை பார்ப்பதுபோல்.
எழுபத்தெட்டு என்றார். பதினேழு வயசு.
யார் தைத்தார்கள்?
யார் கண்டது, கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

பிறகு, பேச்சோடு பேச்சாக,
நாளைக்கும் ஆள் வரவில்லை,
இருப்பதானால் அறுபது வெள்ளி போதும் என்றார்.

கீழே கழிவறை ஏற்ற வந்த லாரி
பின்னோக்கி வந்தது, கூவிக்கொண்டே.
குணாளன் என் முகத்தைப் பார்த்தான்.
போட்டிருந்த காலணியை
நான் கழற்றினேன்.