பதின்மூன்று சென்டிமீட்டர்

கம்பனிப் பொடியன் காந்தத்தைக் கடதாசியில் சுற்றி
எங்கள் மணலில் மெல்ல இழுத்தான்.
கறுப்பு எழும்பி வந்து ஒட்டிக்கொண்டது,
நனைந்த பூனையின் முதுகுமயிர் போல.
"பாருங்கோ அக்கா, இவ்வளவும் உங்கட காசு."

குச்சவெளியில் கடற்கரைப் பக்கம் இரண்டரை ஏக்கர்.
ஒன்பது தென்னை. கிணறு ஒன்று, உவர்.
வீடு இருந்த இடத்தில் அத்திவாரம்.
பத்து வருசக் குத்தகை, தொன் கணக்கில் காசு.
அள்ளிக் கழுவிக் கறுப்பை எடுத்துக்கொண்டு
மிச்ச வெள்ளையைத் திருப்பிக் கொட்டுவார்களாம்.
"காணி உங்களிட்டத்தான் இருக்கும்."
எது இருக்கும் என்று கேட்டேன்.
"உறுதி இருக்கும்தானே அக்கா."

சங்கக்கடையில் அரிசி நிறுக்கிறவள் நான்,
தொன்னைக் கிலோவாக்காமல் நித்திரை வராது.
கிலோ ஒரு ரூபாய் எண்பது சதம்.
கல்லுப்பு இதைவிட விலை.
ஆனால் கிலோக்கள் கனக்க.
டோகாவிலிருந்து தம்பி கேதாரன் பெருக்கியே அனுப்பிவிட்டான்.
'யோசிக்காத, மண்தானே.' கீழே ஒரு கும்பிடு.
அவனுக்கு ஏஜென்சிக் கடன்.
எனக்கு வந்தாறுமூலையில் படிக்கிற மகளின் அறை வாடகை,
இரண்டு மாதம் நிலுவை.

தகரப்பெட்டியில் இன்னொரு கடதாசி இருக்கிறது,
கண்ணிவெடி எடுத்தவர்கள் தந்துவிட்டுப் போனது.
முழங்காலில் நின்று சாண் சாணாக
இந்த மணலை ஒருமுறை தேடி முடித்தவர்கள்.
'பதின்மூன்று சென்டிமீட்டர் ஆழம்வரை.'
அதை நம்பித்தான் வேலிக்குக் கதியால் நட்டேன்,
அதை நம்பித்தான் மகளை ஓட விட்டேன்.
அதற்குக் கீழே எனக்கு யாரும் எதுவும் எழுதித் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.

கம்பனிக்கு ஆறு மீற்றர் வேணும்.

காந்தத்தில் கறுப்போடு ஓர் ஆணியும் வந்தது.
துருவேறி, தலை வளைந்து.
பொடியன் நகத்தால் சுண்டி எறிந்தான்:
"இது கணக்கில வராது."
அவன் மோட்டார் சைக்கிள் ரோட்டில் ஏறும்வரை நின்று
தேடி எடுத்தேன்.
கதவோ, கூரையோ, எதிலிருந்ததோ.
அடுத்த நாள் கடையில் ஆளில்லாத நேரம்
தராசில் வைத்தேன். முள் அசையவில்லை.

வெள்ளிக்கிழமை கையெழுத்துக்கு வருகிறான்.
ஒன்றுதான் கேட்கப்போகிறேன்:
திருப்பிக் கொட்டுகிற மணலுக்கு
யார் கடதாசி தருவது,
எத்தனை சென்டிமீட்டருக்கு?

கேதாரனுக்கும் இதைத்தான் எழுதினேன்.
உடனே பதில் வந்தது:
'தந்தால் போடுவியா?'

இரண்டு நீலக் கோடும் விழுந்துவிட்டது.
நான் பார்த்துவிட்டேன் என்று
அவனுக்குத் தெரியும்.