பாக்கி

காசிமேட்டில் டீசல் என்ஜின் பார்க்கும் லாசரண்ணன்
வேலை முடிந்த கையோடு கூலி வாங்கமாட்டார்.
"போட்டு திரும்பி வரட்டும்."

இதில் லாபம் எங்களுக்குத்தான்.
ஆறு நாள் தங்கல் போய்
வஞ்சிரமும் வவ்வாலுமாய்க் கரை சேர்ந்தும்
ஐஸ் பேக்டரி சந்து வழியே நழுவியவன் நான்.

நேற்று மறுபடி நாசில் அடைப்பு.
ஸ்பேனர் தேடி
அவர் பெட்டியைக் கவிழ்த்தேன்.
அடியில் துணி சுற்றி ஐந்து ஊசி,
ஒவ்வொன்றிலும் வெளுத்த சிவப்பு நாடா.

"எழுபத்தொண்ணு டிசம்பர்.
பைலட் ஏறி உக்காந்ததும்
சீட்டுலேர்ந்து அஞ்சு பின்னையும் உருவி
அவர் கண்ணு முன்னால எண்ணிக் காட்டணும்.
கட்டை விரலைத் தூக்குவார். போவார்.
வந்து நின்னா திரும்பச் சொருகணும்.
அவ்ளோதான் நம்ம சண்டை."

டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு
குளிரில் விரல் ஒட்டும் இரும்பில்
ராத்திரியெல்லாம் நட்டு முடுக்கியதை
வேறு யாருக்கோ நடந்ததுபோல் சொன்னார்.

"அன்னிக்கு நாலு போச்சு.
மூணு சத்தம் கேட்டுது."

நாசிலை வெளிச்சத்தில் பிடித்து
ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.
ஊதினார்.
"பாரத்துல கையெழுத்து என்னுது."

சுட்டதா, விழுந்ததா,
இவர் முடுக்கிய நட்டா என்று
கேட்கவில்லை நான்.
அவரும் யாரிடமும் கேட்டிருக்கமாட்டார்.

லுங்கி மடிப்பில் இருந்த முந்நூறை நீட்டினேன்.
"எதுக்குடா?"
"பொங்கலுக்கு முந்தின தங்கலுக்கு."

எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்து
நோட்டை வாங்கிக்கொண்டு
"அப்ப வந்துட்ட" என்றார்,
மூன்று மாதமாய்
தினம் அவர் எதிரில் போய்வருகிற என்னை
அப்போதுதான் பார்ப்பவர்போல.